கிலோ வேண்டாம், அளவை எழுது

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபித்துக்கொள், பரவாயில்லை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத முடியாமல்தான் தள்ளிப்போட்டேன். நம் ராணி அக்காவுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். பழைய குரலில் என்னை அதட்டுகிறாள். அதனால் பயப்படாமல் மேலே படி.

ராணி அக்காவுக்கா என்று நீ வாயைப் பிளப்பது தெரிகிறது. நாம் 'ஊதுபத்தி' என்று பேர் வைத்த அதே அக்காவுக்குத்தான். மூன்று நாளாகத் தாடையில் வலி, முதுகில் பாரம், குமட்டல். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனதற்கு வாயுக்கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். ஈசிஜி எடுக்கவே இல்லை. ஒல்லியான பெண், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை, அதனால் இதயமாக இருக்காதாம். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சிரைப்பு, காரணம் தெரியாத அசதி இவையும் சேர்ந்து வருவது ஆண்களைவிட நமக்கு அதிகம். நான்காம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து ஊற்ற, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு. அதை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

வார்டில் ஓர் இளம் பெண் டாக்டர், அக்காவின் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். 88 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். எனக்குச் சுரீரென்றது. டேப் பிடிப்பதுதானே என் பிழைப்பு?

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய அளவு நோட்டுகளை இறக்கினேன். 2006-இல் அக்காவுக்கு இடுப்பு 28 அங்குலம், சீட் (பின்புறச் சுற்றளவு) 36. போன தீபாவளிச் சுடிதாருக்கு இடுப்பு 34½, சீட் அதே 36. கைச்சுற்றளவுகூட மாறவில்லை. மாதவிடாய் நின்ற பிறகுதான் இடுப்பு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பக்கத் தையலைப் பிரித்துக் கொடுத்தவள் நான். எல்லாம் என் பென்சில் எழுத்தில் கண்ணெதிரே இருந்திருக்கிறது, செல்வி.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் நிறைய இருக்கிறவரை கொழுப்பு பெரும்பாலும் தொடையிலும் பின்புறத்திலும் போய்ச் சேரும். மாதவிடாய் நின்று அது குறைந்ததும் வயிற்றுக்கு இடம் மாறும். தோலுக்கு அடியில் மட்டுமல்ல, குடலைச் சுற்றி உள்ளேயும் படியும். அங்கிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, ரத்தக்குழாய்கள் கெடுகின்றன. தராசில் இது எதுவும் தெரியாது. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்விலும், எடைக் கணக்கைவிட இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ள விகிதம்தான் மாரடைப்பு அபாயத்தை நன்றாகக் காட்டியதாம். பெண்களுக்கு அது 0.85-க்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு வகுத்துப் பார்த்தேன், 0.96.

இனி உன் விஷயம். ஒன்றரை மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தேன், தொடை மட்டும் கரையவில்லை என்று புலம்பியிருந்தாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்தத் தொடைக்காக நீ அழுத அழுகை கொஞ்சமா? அடி பைத்தியமே, தொடையை விட்டுவிடு! அங்கே சேர்ந்த கொழுப்பு பத்திரமாகக் கிடக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், எடை சரியாகவே இருந்தும் வயிற்றில் அதிகமும் காலில் குறைவுமாகக் கொழுப்பு உள்ளவர்களுக்குத்தான், நேர்மாறாக இருந்தவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் அபாயம் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடரைக் கரைத்துக் குடித்து அவசரமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். நன்றாகச் சாப்பிடு, பயறும் முட்டையும் மீனும் சேர்த்துக்கொள். தினம் வேகமாக நட. எடை இறங்காவிட்டாலும் நடையில் உள்வயிற்றுக் கொழுப்பு குறையும். உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நிதானமாகக் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும்.

நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணன் வயிற்றில் இருந்தபோது உனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்தோடு போய்விட்டதென்று நாம் மறந்துவிட்டோம். அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாம். போய்ச் சர்க்கரையும் கொழுப்பும் அழுத்தமும் பார்த்துவிடு. டாக்டரிடம் இதை நீயாகவே சொல், அவர்களாக விசாரிக்கமாட்டார்கள்.

அளக்கும் விதம் இதுதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே டேப்பைச் சுற்று. மூச்சை வெளியே விட்டுவிட்டு அள. வயிற்றை எக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு முட்டிவலி எப்படி? கண்ணனுக்கு வேலை உறுதியானதா? உன் பச்சைப் பட்டு ரவிக்கைத் துணி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இடுப்பளவும் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்த பிறகுதான் கத்தரிக்கோல் வைப்பேன்.

அன்புடன்,
மீனா