வடகோடியில் தொடங்கிய மாற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பின்லாந்துப் பள்ளிகளைப் புகழ்வோர், 2000-ஆம் ஆண்டு பீசா (PISA) என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் தேர்வில் அந்நாட்டு மாணவர்கள் வாசிப்பில் முதலிடம் பெற்றதையே குறிப்பிடுகின்றனர். அதற்கு முந்தைய நீண்ட பொறுமையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சிறு வயதிலேயே பிள்ளைகளை மேற்படிப்புக்கு, தொழிலுக்கு என இரு வழிகளாகப் பிரித்த பழைய முறையைக் கைவிட்டு, 1972 முதல் 1977 வரை, வடக்கே லாப்லாந்தில் தொடங்கித் தெற்கு நோக்கிப் படிப்படியாக, அனைவருக்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளியை அவர்கள் நிறுவினர். தலைநகரை இறுதிக்கு ஒதுக்கி, தொலைதூரப் பகுதியை முதலில் எடுத்துக்கொண்ட அந்த வரிசை என் மனத்தை நெகிழச் செய்கிறது. பின்னர் ஆசிரியர்களுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமாயிற்று. அவர்கள்மீது வைத்த நம்பிக்கையால், 1990-களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையே நீக்கப்பட்டது. அண்மைத் தேர்வுகளில் மதிப்பெண்கள் சரிந்திருப்பது உண்மையே. அதைக் காட்டி இந்த அடித்தளத்தைக் குறைகூறுவது நியாயமன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்