வீட்டுப்பாடத்தைத் திருத்தி அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆங்கிலக் கட்டுரை நோட்டில் பிழைகள் அப்படியே இருக்கின்றனவே, டீச்சர் பார்க்கவில்லையா என்று இந்த மாதம் சிலர் கேட்டீர்கள். பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் வட்டம் போடவில்லை, அவ்வளவுதான். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டு 'கோ' என்று போட ஒரு நொடி போதும். ஆனால் அந்த வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இறந்தகாலத்தில் 'கோ' என்பது 'வென்ட்' ஆகும் என்று அவளுக்குத் தெரிகிறது. இல்லை என்று சொல்ல 'டிட் நாட்' வேண்டும் என்பதும் தெரிகிறது. காலத்தை 'டிட்' சுமந்துகொண்டால் வினைச்சொல் பழையபடி நிற்கும் என்பது மட்டும் பிடிபடவில்லை. தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. நேற்றும் 'போகவில்லை'தான், இப்போதும் 'போகவில்லை'தான். பார்த்தால் அந்த வகுப்பில் பாதிப் பேர் நோட்டில் இதே பிழை. டீச்சர் யார் பெயரையும் சொல்லாமல் நாலு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். பாட நேரத்தில் பாதி அதற்கே போயிற்று. எங்கே இடிக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

இது நேற்றுக் கிளம்பிய யோசனை இல்லை. கை தவறி வருவது வேறு, விதி பிடிபடாமல் வருவது வேறு என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-லேயே பிரித்துக் காட்டினார். முதல் வகையைத் திரும்பப் படித்தாலே பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும். அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று எங்களுக்குக் காட்டுவது இரண்டாவது வகை.

அப்புறம், 'கேட்ச்' என்பதன் இறந்தகாலத்தைப் போன வருடம் 'காட்' என்று சரியாகச் சொன்ன பையன் இப்போது 'கேட்ச்டு' என்கிறானே என்று ஒரு அப்பா வருத்தப்பட்டார். அன்றைக்குக் காதில் விழுந்ததை ஒப்பித்தான். இன்றைக்கு ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு கண்ட சொல்லிலெல்லாம் போட்டுப் பார்க்கிறான். எனக்கு அது சந்தோஷமான செய்தி.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். நீங்கள் திருத்திக் கொடுத்ததைப் பிள்ளை அழகாகப் பிரதி எடுத்து வந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நோட்டில் நாங்கள் படிக்க ஒன்றுமே மிஞ்சுவதில்லை. கை துறுதுறுத்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். எதற்கு வைத்தீர்கள் என்று பிள்ளை தேடட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் பாதியில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

தேர்வுத் தாளில் பிழைக்கு மதிப்பெண் வழக்கம்போல் குறையும், அதில் சலுகை கிடையாது.

நோட்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்