கடலூரில் சட்ட உதவி வழக்கறிஞராகச் சேரும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2022 திட்டப்படி நீங்கள் முழுநேர வழக்கறிஞர்கள். சொந்தக் கட்சிக்காரர் வைத்துக்கொள்ள முடியாது. சம்பளப் பேச்சை விடுவோம், அது உங்களுக்கே தெரியும். செஷன்ஸ் வழக்கில் தண்டனை விழுந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடப்போவது வேறொருவர். இங்கே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நீங்கள் பதிவில் ஏற்றியது மட்டுமே அவருக்குக் கிடைக்கும்.

அதிகம் கோட்டை விடுவது முரண்பாட்டில். "அரிவாளோடு வந்ததைப் பார்த்தேன்" என்று சாட்சி கூண்டில் புதிதாகச் சொல்வார். போலீஸ் விசாரணையில் அவர் தந்த வாக்குமூலத்தில் அது இருக்காது. "அங்கே இதைச் சொல்லவில்லை" என்று கேட்பீர்கள், "சொன்னேன்" என்பார். பலர் அதோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். மாதங்கள் கழித்துப் புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது, "இந்தச் சாட்சி என்னிடம் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் வாயாலும் வரவழைத்தால்தான் முரண் நிரூபணமாகும். இல்லையென்றால் மேல்முறையீட்டில் அந்த வாதம் நிற்காது. ஆகவே சாட்சி எண், விடுபட்ட வரி, அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்றையும் ஒரே தாளில் எழுதி வழக்குக் கட்டின் மேலேயே வையுங்கள். இடையில் வழக்கு இன்னொருவர் கைக்குப் போனாலும் தாள் கூடவே போகும்.

முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்ததும் அதில் நடுவர் (மாஜிஸ்திரேட்) கையெழுத்திட்ட நேரத்தையும் பாருங்கள். காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றம் வரப் பத்துக் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரமா என்று, அதை எடுத்துப்போன காவலரிடமே கேளுங்கள். மகசரில், அதாவது போலீஸ் இடத்தைப் பார்த்தோ பொருளைக் கைப்பற்றியோ எழுதும் பதிவில், கையெழுத்திடும் சாட்சிகள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும்தான்; அதற்காகக் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் நேரடியாகக் கேட்கும் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் "பொய்" என்று மட்டும் சொல்லவைப்பது நம் ஊர்ப் பழக்கம். முன்பகை, பண விவகாரம் இருந்தால் எழுத்திலேயே கொடுக்கலாம், சட்டம் இடம் தருகிறது.

தீர்ப்பு நாளன்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஜாமீனில் இருப்பவருக்கு மூன்றாண்டுக்கு மிகாத சிறை என்றால், மேல்முறையீடு செய்யும் வரை தண்டனையை நிறுத்திவைக்க அதே நீதிமன்றத்திலேயே கேட்கலாம். மனு, ஜாமீன்தாரர், அபராதத் தொகை மூன்றும் தயாராக இருக்கட்டும். நடுவர் தீர்ப்பென்றால் மாவட்டத்திலேயே 30 நாளுக்குள் மேல்முறையீடு. செஷன்ஸ் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள்.

அந்த 60 நாளில்தான் கட்டு காணாமல் போகிறது. சென்னை பார்த்துக்கொள்ளும் என்று இங்கே இருப்பார்கள், கடலூரிலிருந்து வரட்டும் என்று அங்கே இருப்பார்கள். தாமதத்தை மன்னிக்க மனு போடலாம்தான்; அதுவரை ஆள் கேப்பர் மலைச் சிறையில். தீர்ப்பின் இலவச நகலை அன்றே வாங்குங்கள். சிறைக் கண்காணிப்பாளர் சான்றோடு வக்காலத்தில் கையெழுத்துப் பெற்று, சாட்சியங்கள், சான்றாவணங்களோடு உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவுக்கு முதல் வாரமே அனுப்புங்கள். கூடவே உறவினர் ஒருவரின் கைபேசி எண்ணும் போகட்டும். தண்டனை நிறுத்தப்பட்ட பிறகும் ஜாமீன்தாரரைக் கூப்பிட வழியில்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு.

இப்படிக்கு,
கடலூர்க் குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்