லாப்ரடார் குட்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்த்துக் குட்டி விற்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

"பேப்பர் (வம்சாவளிச் சான்று) இருக்கு, ஹெவி போன் (கனத்த எலும்பு), தகப்பன் ஷோவில் ஜெயிச்சது" என்று சொல்லிக் குட்டியைக் கொடுக்கிறீர்கள். சரி, தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீர்களா? எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. டைல்ஸ் தரையில் படுத்தால் முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டுதான் எழுகிறது. மாடிப்படி பக்கமே போவதில்லை.

இதுதான் ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு. உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருவதுபோல, தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் பொருந்த வேண்டும். அது தளர்ந்தால் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுவாதம் சீக்கிரமே வந்துவிடும். பிறக்கும்போது இடுப்பு சரியாகத்தான் இருக்கும். வளரும் மாதங்களில்தான் கெடுகிறது. பல மரபணுக்கள் சேர்ந்த கோளாறு என்பதால், நன்றாக ஓடியாடும் ஜோடிக்குப் பிறந்த குட்டிக்கும் வரும். நடையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் 1966இல் இதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கி, எக்ஸ்ரேக்களைத் தரம் பிரித்துப் பதிவு செய்துவருகிறார்கள். அங்கே இரண்டு வயது நிறைந்த பிறகுதான் சான்று.

அப்புறம், தீனி. குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் விலை போகும் என்ற நினைப்பை விடுங்கள். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு இடுப்பு மூட்டுவாதம் குறைவு, வந்ததும் தாமதமாகத்தான். இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் இறந்துபோயிருந்த வயது, மற்றவற்றுக்கு 11.2 வருடம், இவற்றுக்கு 13. எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றிக் கொடுப்பதும் வேண்டாம். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இன நாயின் குட்டிகளை வைத்துப் பார்த்தபோது, கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுத்தது. சின்னக் குட்டியின் குடலுக்கு மிஞ்சியதைத் தடுத்து நிறுத்தத் தெரியாது.

மேட்டிங் போடுவதற்கு முன் இரண்டு நாய்களுக்கும் மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுங்கள். செலவு ஒரு குட்டி விலையில் சிறு பங்குதான். இடுப்பு மோசமென்றால், எத்தனை கோப்பை வாங்கிய நாயாக இருந்தாலும் கருத்தடை செய்து வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருகிறவர் கேட்காவிட்டாலும், அந்த ரிப்போர்ட்டையும் பேப்பரோடு சேர்த்துக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு லாப்ரடார் வீட்டுக்காரன்