எடை குறைந்த மவுஸ்: எண்ணோடு கையையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போட்டி விளையாட்டுக்கான எடை குறைந்த மவுஸ்களைப் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வரும் குறிப்புகளைத் தவறாமல் படித்துவருகிறேன். எத்தனை கிராம், எத்தனை ஆயிரம் டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்வதை எத்தனை புள்ளிகளாகக் கணக்கிடுகிறது என்ற அளவு) என்பவை அவற்றில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. அந்த எடை ஆடுபவரின் கைக்கு எங்கே உதவுகிறது என்பது மட்டும் இருப்பதில்லை.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 800 டிபிஐயில், மவுஸ் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஆட்டத்துக்குள் அமைக்கும் சென்சிட்டிவிட்டியை 1 என வைத்து ஆடுபவர் முழுச் சுற்றுத் திரும்ப, மவுஸை ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்கே 26 சென்டிமீட்டர் ஆகும். 45 சென்டிமீட்டர் அகலமுள்ள மவுஸ் பேடில் நடுவிலிருந்து விளிம்புவரை அவ்வளவு இடம் இல்லாததால், மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைத்தே ஆக வேண்டும். எடை குறைந்ததன் அருமை இப்படித் தூக்கி வைக்கும்போதுதான் தெரியும்.

தூக்கும்போது, மவுஸின் அடியில் அசைவை உணரும் சென்சார் எவ்வளவு சீக்கிரம் பேடைப் படிப்பதை நிறுத்துகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. பழைய சிடி இரண்டைச் சற்று இடைவெளிவிட்டுப் பேடின்மேல் வைத்து, சென்சார் அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி மவுஸை அவற்றின்மேல் நகர்த்திப் பார்க்கலாம். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், அந்த உயரத்திலும் கர்சர் ஓடினால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் குறி விலகும். காசில்லாத இந்தச் சோதனையை எந்தக் குறிப்பிலும் நான் கண்டதில்லை.

80 கிராம் எடையுள்ள லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ்ஸிலிருந்து, 2020 இறுதியில் வெளிவந்த 63 கிராமுக்கும் குறைவான அதே நிறுவனத்தின் சூப்பர்லைட்டுக்கு நான் மாறியபோது, முதல் வாரம் முழுவதும் குறி இலக்கைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பழைய எடைக்குப் பழகிய கை அதே விசையோடு தள்ளியதே காரணம். மவுஸில் ஒரு குறையும் இல்லை. ஒரே மாலை ஆடிவிட்டு எழுதியிருந்தால் அதை மோசம் என்றே எழுதியிருப்பேன்.

8,000 ஹெர்ட்ஸ் போலிங், அதாவது மவுஸ் நொடிக்கு 8,000 முறை கணினிக்குத் தகவல் அனுப்புவது, பற்றிய ஆரவாரமும் சற்று அதிகம்தான். 1,000 ஹெர்ட்ஸிலேயே மவுஸ் மில்லிநொடிக்கு ஒரு முறை தகவல் அனுப்பிவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையோ 16 மில்லிநொடிக்கும் மேலான இடைவெளியில்தான் அடுத்த படத்தைக் காட்டுகிறது. அத்தகைய திரையை வைத்திருப்பவர் அந்தப் பணத்தைத் திரைக்கு ஒதுக்குவதே மேல்.

ஆகவே, இனி வரும் குறிப்புகளில் எழுதியவரின் கை நீளம், அவர் மவுஸை உள்ளங்கை படியப் பிடிப்பவரா விரல் நுனியால் பிடிப்பவரா என்பது, எத்தனை நாள் ஆடிய பின் எழுதினார் என்பது ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
மதுரை