வண்ணம் பூசிய பானையில் தண்ணீர் குளிராது

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி பிறக்குமுன்பே ஈரோட்டில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. தண்ணீர்ப் பந்தலுக்கும் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்துக்கும் பேரிடர் நிதியிலிருந்தே செலவு செய்யலாம். ஆகவே பணம் ஒரு சாக்கு அல்ல. பந்தலை நடத்தும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் பானை. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. அதற்குக் கட்சிக்கொடி நிறத்தில் எனாமல் பெயின்ட் அடித்தால் நுண்துளைகள் அடைபட்டு, பானை பிளாஸ்டிக் குடத்துக்குச் சமமாகிவிடும். (நிறம் வேண்டுமென்றால் பந்தல் துணியில் காட்டிக்கொள்ளட்டும்.) ஈர மணல் மேல், நிழலில், காற்றுப் படும்படி வைத்து ஈரச்சாக்கு சுற்றினால் போதும். தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு கூடாது, மண்ணில் ஊறி வாடை அடிக்கும். ஆளாளுக்குத் தம்ளரை உள்ளே விட்டு மொள்ளாமல் இருக்க, குழாய் வைத்த பானையே நல்லது.

அடுத்தது ஓ.ஆர்.எஸ். சுமார் 21 கிராம் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது. 4 கிராம் சொச்சம் உள்ள சிறிய பொட்டலம் 200 மில்லிக்கு. 20 லிட்டர் கேனில் இரண்டு பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினால் அது வெறும் தண்ணீர்தான். பெரிய பொட்டலமே இருபது வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து, குழந்தைகளுக்குக் கெடுதல். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் குடிநீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைக்கலாம். 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. மோர் என்றால் உப்புப் போட்டு மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பந்தலில் நிற்பவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உடல் அனலாகக் கொதிக்க ஒருவர் உளறினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்ப வாதம். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பந்தல்கள் கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலுமே குவிகின்றன. மஞ்சள் மூட்டை தூக்குபவர், தார் ரோடு போடுபவர், சித்தாள் வேலை பார்க்கும் பெண்கள் ஆகியோர் பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்களோ தண்ணீர் கிடைத்தாலும் குடிப்பதில்லை. ஒதுங்க இடம் இல்லையே! நீர்க்கடுப்பு வருவதும் மயங்கி விழுவதும் அதனால்தான். மாநகராட்சி அடுத்த பந்தலுக்குக் கால் நடும்போது, பக்கத்திலேயே ஒரு நடமாடும் கழிப்பறையையும் நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு