கூதல் பரவாயில்லை

வின்னிபெக், கனடா,
தை 6, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். கார்த்திகைக் கடைசியில் நீங்கள் போட்ட கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. கவரைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். போன் இருக்கிற வீட்டிலிருந்து தபால் வந்தால் வேறென்ன நினைப்பது? பிரித்து, முதல் வரியில் "நானும் அம்மாவும் சுகம்" என்று கண்ட பிறகுதான் உட்கார்ந்தேன். போனில் நான் பேசுவது எதுவும் காதில் விழவில்லை, விழுந்த மாதிரி தலையாட்டி அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் தெரியும் அப்பா. நான் பனி கொட்டுகிறது என்றால் நீங்கள் "ஆமாப்பா, உங்க அத்தை வந்துட்டுப் போனா" என்கிறீர்கள். அம்மா போனைப் பிடிக்கிற பிடியில் எனக்கு வீட்டு உத்தரமும் அம்மாவின் நெற்றிப் பொட்டும்தான் தெரியும்.

வந்து ஒன்றரை வருடமாகியும் நான் ஒரு வரி எழுதவில்லை. அதை நீங்கள் குறையாக எழுதவே இல்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் தேவலை.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அங்கே கூதல் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுகிறாய், பொழுதடைந்தால் என்ன செய்கிறாய். வரிசையாகச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவீர்கள், தெரியும். தாண்ட வேண்டிய இடத்தில் சொல்கிறேன், தாண்டிவிடுங்கள்.

கூதல் பரவாயில்லை.

(இங்கே தாண்டவும்.) நேற்று ராத்திரி மைனஸ் 30-ஐ ஒட்டி வந்துவிட்டது. மூக்குக்குள் இருக்கிற முடி ஊசி மாதிரி விறைக்கிறது. போன வருடம் விவரம் தெரியாமல் தலைக்குக் குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினேன். ஸ்டாப்புக்குப் போய்ச் சேருமுன் தலைமுடி காய்ந்த சோளத்தட்டை மாதிரி சலசலத்தது. பனியில் கால் வைத்தால் கல் உப்பு மூட்டையை மிதிக்கிற சத்தம். ஒவ்வொரு காரின் மூஞ்சியிலிருந்தும் ஒரு வயர் தொங்கும். ராத்திரி அதைக் கரண்டில் சொருகி இன்ஜினைச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். தெரு நெடுக, கட்டுத்தறியில் மாட்டைப் பிடித்துக் கட்டின மாதிரி வண்டிகளைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் இன்னும் கார் வாங்காததற்கு அதுதான் காரணம். அந்தச் சோலி யாருக்கு வேண்டும்? வேலைக்கு நடந்தே போகிறேன், நாற்பது நிமிடம். உடம்புக்கும் நல்லது. (இனி வாசிக்கலாம்.)

அறையும் மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது வீட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே. நல்ல கதகதப்பு. ஜன்னல் தரை மட்டத்தில் இருப்பதால் போகிற வருகிற ஆட்களின் கால் மட்டும்தான் தெரியும். அடுத்த வீட்டுப் பெரியவரின் பூட்ஸ் வந்து நின்றால் மணி எட்டு. ஆனால் இன்னும் விடிந்திருக்காது. டிசம்பரில் எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் வந்தது, நாலரைக்கெல்லாம் கருக்கலாகிவிட்டது.

அந்தப் பெரியவரைப் பற்றித்தான் போன தீபாவளிக்குச் சொன்னேன். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், 84 வயதில் ஏணி வைத்துக் கூரைப் பனியைத் தள்ளுகிறவர். தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து கோதுமை விதைக்க வந்த குடும்பம். வானத்தைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு நாளும் விடியாது. நான் "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி" என்றால், "இதெல்லாம் ஒரு குளிரா? நான் சின்னப் பையனா இருந்தப்போ..." என்று ஆரம்பிப்பார். நான் செல்சியஸில் சொல்லுவேன், அவர் பாரன்ஹீட்டில் சொல்லுவார், ஒன்றுக்கொன்று ஒட்டாது. மைனஸ் 40-இல் மட்டும் இரண்டு கணக்கும் ஒன்றுதானாம். "அந்த நாள் வரட்டும், நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போகும்" என்கிறார்.

வெள்ளிக்கிழமை காலையில் என் ஜன்னலைத் தட்டி வெளியே கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வானத்தில் மூன்று சூரியன். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று, மூன்றையும் கோத்து ஒரு வட்டம். காற்றில் மிதக்கிற பனித்தூளில் வெளிச்சம் பட்டு வளைவதாம். கூதல் இன்னும் இறுகப் போகிறது என்றார், அப்படியே இறுகியது. எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை என்று நம் ஊரில் நிலாவை வைத்துச் சொல்லுவார்கள் என்றேன். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தட்டட்டியில் படுத்துக்கொண்டு நீங்கள் விரலால் வட்டத்தை அளந்து காட்டுவீர்களே, அதையும் செய்து காட்டினேன். கையுறை போட்ட விரலில் அளவு சரியாக வரவில்லை.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஈழத்துக்காரர் கடை ஒன்று இருக்கிறது. புளி, கருவாடு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலை விலை கேட்டால் அம்மா நம் வாசல் மரத்துக்குக் காவல் போட்டுவிடும், அதனால் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழம்பு வைத்தால் புதன் வரை தாங்கும். வெஞ்சனம் பெரும்பாலும் முட்டை. அறையில் கூட இருக்கிற பஞ்சாபிப் பையன் ரொட்டி போடுவான், நான் குழம்பு, பங்கு போட்டுக்கொள்கிறோம். சோற்றுக்கு நடுவில் குழி பறித்து நான் குழம்பு ஊற்றுவதை அவன் கிணறு வெட்டுகிற மாதிரி வேடிக்கை பார்க்கிறான்.

பெரியவர் ஒரு நாள் பெரோகி என்று ஒரு பலகாரம் கொண்டுவந்தார். பார்த்தால் பூரணக் கொழுக்கட்டைதான், ஆனால் மைதாவில் செய்து, உள்ளே வெல்லமும் தேங்காயும் இல்லாமல் மசித்த உருளைக்கிழங்கு. மேலே வதக்கின வெங்காயம். பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்வார், மற்ற நாளில் தாராளமாகச் சாப்பிடலாம். நான் கொஞ்சம் ஊறுகாய் தொட்டுக்கொண்டேன். அவரும் தொட்டார். அரை மணி நேரம் தண்ணீர் குடித்தார்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை என்னை மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். ஆறு உறைந்து கிடக்கிறது, அதன் மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார். எனக்கு உயிரே இல்லை. ஐஸில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, தோட்டத்துக் காவல் குடிசை மாதிரி ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். நாலு மணி நேரத்தில் ஒரு மீன். பிக்கெரல் என்று பெயர். நம் அயிரை விரல் நீளம், இது முழங்கை நீளம். புளி கரைத்து, மண்சட்டி இல்லாத குறையோடு வைத்தேன். அம்மா கையால் வைக்கிற அயிரைக் குழம்பின் ருசி வரவில்லை. அதன் ஞாபகம் வந்தது, அதுவே அதிகம்.

பொழுதடைந்தால் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பெரியவர் வீட்டு டிவியில் ஹாக்கி பார்ப்போம். இது நம் ஹாக்கி இல்லை, பனித்தரையில் சறுக்கிக்கொண்டே விளையாடுவது. பாதி நேரம் அடிதடி. இன்னொரு விளையாட்டு உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும், கர்லிங் என்று பெயர். கிட்டத்தட்ட 20 கிலோ கல்லைப் பனியில் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அரக்கப்பரக்கத் தரையைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். தேய்த்தால் கல் தூரம் போகுமாம். 1998-லிருந்து ஒலிம்பிக்கில் இதற்கு மெடல் கொடுக்கிறார்கள். வெள்ளனே எழுந்து தெருவாசல் வரை கூட்டுகிற நம் அப்பத்தாவுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை நேரலையில் பார்த்தேன். நமக்குள் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம், அதனால் உங்களுக்குக் காலை ஏழு எனக்கு முந்தின நாள் ராத்திரி ஏழரை. உங்கள் காணும் பொங்கல் எனக்கு மாட்டுப் பொங்கலன்றைக்கே வந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் என்னமோ ஏதோ என்று பெரியவர் பூட்ஸோடு உள்ளே வந்துவிட்டார். திமிலைப் பிடித்து எல்லைக் கோடு வரை தொங்க வேண்டும், வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது என்று விளக்கினேன். மாட்டை அப்புறம் என்ன செய்வார்கள் என்று கேட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருத்திவிதை வைப்பார்கள் என்றேன். அதன் பிறகு அவர் பேசாமல் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்.

வாடிவாசலைக் காட்டும்போதெல்லாம் கேலரியில் நம் ஊர் ஆள் எவனாவது தெரிகிறானா என்றுதான் என் கண் போனது. ஒருத்தனும் தெரியவில்லை. அறிவிப்புக்காரர் மைக்கில் "மாட்டுக்காரரே, மாட்டைப் பிடிங்க" என்று கத்துகிற அந்தக் குரல் போதுமாக இருந்தது. முடிந்து போனை வைத்த பிறகு அறையில் ஒரு சத்தமும் இல்லை அப்பா. ஹீட்டர் ஓடுகிற சத்தம்தான். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். கடைசிப் பக்க ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் சுண்ணாம்புக் கறை இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், வாசம் ஒன்றும் இல்லை, காகித வாசம்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். (இதையும் அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.)

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் மழை பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வைகை அணையில் எத்தனை அடி என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்து நீங்கள் அடி சொல்லாமல் மழை பேசியதே கிடையாது. வெற்றிலை விலை தேவலை என்கிறீர்கள், கவுளி என்ன விலைக்குப் போகிறது என்று இல்லை. அடுத்த பக்கத்தில், அடைமழையிலும் அடுப்பு எரிய விறகுக்குக் குறையில்லை, அகத்திக் கட்டை அடுக்கிக் கிடக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி. வெற்றிலைக் கொடி நிற்கிற கொடிக்காலில், அது பற்றி ஏறுகிற அகத்தியை யார் அடியோடு வெட்டுவார்கள்? வாடல் நோய் விழுந்துவிட்டதா? மேற்குக் கொடிக்கால் முழுதுமா? அக்காவிடம் நான் கேட்கவில்லை. நீங்களே எழுதுங்கள்.

அந்த 30 சென்ட்டைக் கேட்டு ஆள் வருவதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். ஒரு வருடம் வாழையாவது, ஒன்றுமில்லையென்றால் தட்டைப்பயறாவது போட்டு நிலத்தை ஆற விடுங்கள். பெரியப்பா வரப்பை நெருக்குகிறார் என்று கோபத்தில் முடிவெடுக்காதீர்கள். கல்லை நட்டது யார், எந்த வருடம் என்று பாண்டி மாமாவுக்குத் தெரியும், அவரை வைத்துப் பேசுங்கள்.

அக்கா மகள் காதுகுத்து மாசியில் என்று சொன்னீர்கள். நான் வர முடியாது போலிருக்கிறது. லீவு கிடைக்கவில்லை. இப்போது வாரம் மூன்று நாள்தான் வேலைக்கு வரச் சொல்கிறார்கள், குளிர்காலம் ஆட்கள் ஓய்வாக இருக்கட்டும் என்று. ஆனால் மொத்தமாக ஒரு மாதம் விட மாட்டார்களாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வரும், பயப்பட வேண்டாம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று அத்தை வம்பு பண்ணும். சின்னம்மா மகன் முருகன் உட்காரட்டும், அவனும் தாய்மாமன்தானே. ஆனால் சீர் என் பேரில் போக வேண்டும். தோடு, பட்டுப் பாவாடை, மாலை, தட்டு வரிசை, கிடாய் ஒன்று, எதிலும் குறை வைக்காதீர்கள். மச்சான் வீட்டார் தட்டை எண்ணுவார்கள். தோடு எடுக்க அம்மா வளையலை அடகு வைக்கக் கூடாது, நான் அனுப்புகிறேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

மொய் நோட்டில் நம் வீட்டு வரவை முருகன் எழுதட்டும், அவன் கையெழுத்துத்தான் புரியும். சோழவந்தான் கடைக்காரருக்கு அவர் மகள் கல்யாணத்தில் நாம் செய்தது 2,001. அவர் திருப்பி என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டாம், பார்த்தால் போதும். அம்மா முழங்காலுக்குத் தைலம் வாங்கித் தேய்க்கட்டும், பந்தியில் ஓடியாட வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மகன்,
செல்வம்.

பி.கு: காதுக்கு மெஷின் வைக்க மாட்டேன் என்று நீங்கள் அடம்பிடிப்பதாக அக்கா சொல்லியது. வைத்தால் போனில் பேசிவிடலாம் என்று நான் சொல்லவில்லை, கடிதமே போடுங்கள். ஆனால் அம்மா கூப்பிடுவதாவது காதில் விழட்டும். பதிலில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், வைகை அணையின் 71 அடியில் இப்போது எத்தனை?